குற்றவாளி பின்சக்கரம் இல்லை, ஸார்!

டொரான்டோவிலோ சிகாகோவிலோ நவம்பர் மாதம் ஒரு கார் ஷோரூமுக்குள் நுழைந்து, “நல்ல பவர் உள்ள பின்சக்கர வண்டி ஒன்று வேணும்” என்று கேட்டுப் பாருங்கள். சேல்ஸ்மேன் உங்களை ஒரு தினுசாகப் பார்ப்பார். பிறகு குரலில் கரிசனத்தைக் குழைத்து, “ஸ்நோவுக்கு அது சரிப்படாதே... ஆல் வீல் டிரைவ் எடுத்துக்குங்களேன்” என்பார். அங்கே பத்து வருஷமாகக் குடியிருக்கும் நண்பரும் அதையே சொல்வார். ஆபீஸில் பக்கத்து ஸீட்காரர், கோயிலில் பார்க்கிற மாமா, மாமாவின் மச்சினர், எல்லோருக்கும் ஒரே பாட்டு.

அவர்கள் சொல்வது முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆளைக் கொல்கிறது.

‘பனியும் ஸ்நோவும் இல்லாத தி.நகரில் உட்கார்ந்துகொண்டு இதை நான் ஏன் படிக்கணும்?’ என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். உங்கள் பையனோ, மருமகனோ, தங்கை பெண்ணோ டெட்ராய்ட் பக்கம் ஒரு சாலையில் இந்தப் பாதி உண்மையை நம்பி ஓட்டிக்கொண்டிருக்கலாம். முதல் வருஷச் சம்பளம் கைக்கு வந்ததும், சின்ன வயதில் போஸ்டரில் பார்த்த மஸ்டாங்கை வாங்குகிற பையன்கள் உண்டு. பொங்கல் சமயத்தில்கூட ஸ்வெட்டர் போட்டறியாத பையன்கள்!

விஷயம் புரிய ஒரு சின்ன அரிச்சுவடி. நம்ம அம்பாஸடர் ஞாபகம் இருக்கிறதா? எஞ்சின் முன்னால், வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். பிரீமியர் பத்மினியும் அப்படித்தான். 1983-ல் வந்த மாருதி 800-ல் முன்சக்கரமே வண்டியை இழுத்தது. நாலு சக்கரத்துக்கும் எஞ்சினின் சக்தி போனால் அது ஆல் வீல் டிரைவ். மஸ்டாங், பி.எம்.டபிள்யூ, மெர்ஸிடிஸ் மாதிரி ‘தம்’ உள்ள வண்டிகளில் பல, பரம்பரையாகப் பின்சக்கரக் கட்சி.

இந்தக் கட்சியின் மேல் உள்ள குற்றச்சாட்டு இதுதான்: பனியில் கிளம்பும்போது பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். மேட்டில் ஏறாது. திருப்பத்தில் கொஞ்சம் அதிகமாக ஆக்ஸிலரேட்டரை அமுக்கினால் வண்டியின் வால் பக்கவாட்டில் வீசும். எஞ்சின் பெரிசாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எல்லாம் வாஸ்தவம். நடப்பதுதான். ஆனால் ஏன் நடக்கிறது என்று யாராவது கேட்டார்களா?

எவ்வளவு பெரிய காராக இருந்தாலும், ஒரு டயர் தரையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கை. அவ்வளவுதான் உங்களுக்கும் பூமிக்கும் உள்ள உறவு! அந்த இடத்தில் கிடைக்கிற பிடிமானத்தை மாதச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வேகம் எடுக்க ஒரு செலவு, திரும்ப ஒரு செலவு, நிறுத்த ஒரு செலவு. எல்லாம் அதே சம்பளத்திலிருந்து வரவேண்டும். காய்ந்த தார் ரோட்டில் சம்பளம் தாராளம். கெட்டிப்பட்ட பனியில் அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். வழவழ ஐஸில் எட்டில் ஒன்று, பத்தில் ஒன்று என்று வெட்டிவிடுவார்கள். சம்பளம் குறைந்த மாசத்தில் பழைய மாதிரியே செலவு பண்ணினால் என்ன ஆகும்? அதுதான் சறுக்கல்.

‘பவர் அதிகம், அதனால்தான் ஆபத்து’ என்பவர்களுக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,700 கிலோ எடையுள்ள பின்சக்கர வண்டி. பாதி எடை பின்னால். கெட்டிப் பனியில் அந்த இரண்டு டயரும் வழுக்காமல் தாங்கக்கூடிய தள்ளுவிசை உத்தேசமாக 200 கிலோ. நானூறு குதிரைசக்தி எஞ்சின் முதல் கியரில் தரக்கூடியதோ 1,500 கிலோ. ஏழு மடங்கு! பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று குதிக்காதீர்கள். இப்போது நூறு குதிரைசக்தி உள்ள ஒரு சாது முன்சக்கர வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன் டயர்கள் தாங்குவது சுமார் 165 கிலோ. எஞ்சின் தரக்கூடியது 600 கிலோவுக்கு மேல். ஏறக்குறைய நாலு மடங்கு!

அதாவது, பனியில் எந்த வண்டிக்கும் தேவைக்கு மேல் பவர் இருக்கிறது. சாதுவுக்கும் இருக்கிறது, முரடனுக்கும் இருக்கிறது. இரண்டையும் கட்டுப்படுத்துவது உங்கள் வலது கால். முரட்டு வண்டியில் காலுக்கு இன்னும் கொஞ்சம் பணிவு வேண்டும், அவ்வளவுதான். வித்தியாசம் இன்னொன்றும் உண்டு. முன்சக்கர வண்டி பிடி இழந்தால் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் நேராகப் போய் முட்டும். பின்சக்கர வண்டி பிடி இழந்தால் வால் சுழலும். இரண்டுமே மருத்துவமனைக்குத்தான் போகிற வழி. இதில் எது உசத்தி?

சரி, ஆல் வீல் டிரைவ் என்ன செய்கிறது? தள்ளுகிற வேலையை இரண்டுக்குப் பதில் நாலு டயருக்குப் பங்கிடுகிறது. அதனால் கிளம்புவதும் மேடு ஏறுவதும் சுலபம். மறுக்கவே இல்லை. ஆனால் ஒரு சின்ன சந்தேகம்... பிரேக்?

பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது, ஸார்! அம்பாஸடரிலும் நாலு, ஆல் வீல் டிரைவிலும் நாலு. நிறுத்துகிற விஷயத்தில், இரண்டு லட்சம் கொடுத்து வாங்கின கூடுதல் சமாச்சாரம் இரண்டு காசுக்கு உதவாது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்த பிறகு சுமார் 12 மீட்டரில் நிற்கும். கெட்டிப் பனியில் 33 மீட்டர். ஐஸில் 100 மீட்டர் பக்கம். எதிரே ஸ்கூல் பஸ் நின்று குழந்தைகள் இறங்கிக்கொண்டிருக்கும்போது, ‘என் வண்டியில் நாலு சக்கரமும் இழுக்கும்’ என்று அந்த பஸ்ஸிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஆல் வீல் டிரைவில் இன்னொரு நைஸான ஆபத்து இருக்கிறது. ரோடு வழுக்குகிறது என்பதையே அது உங்களிடம் சொல்லாது. ஜம்மென்று கிளம்பும், ஜம்மென்று 80-ஐத் தொடும். பிரேக்கில் கால் வைக்கும்போதுதான் கீழே தார் இல்லை, கண்ணாடி என்று தெரியும். பின்சக்கர வண்டி அப்படி இல்லை. வீட்டு வாசலில் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதுமே பின்னால் ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து, ‘இன்னிக்கு நிலைமை சரியில்லை, மெதுவாகப் போ’ என்று சொல்லிவிடும். வேண்டாத செய்தியைச் சொல்பவனை நமக்குப் பிடிக்காது. அதற்காக அவனைக் குற்றவாளி ஆக்கலாமா?

உண்மையான குற்றவாளி டயர்.

பவர் உள்ள வண்டிகள் பல, கடையிலிருந்து கோடைக்கால டயரோடுதான் வருகின்றன. அகலமாக, பளபளவென்று, ரொம்ப அழகாக இருக்கும். அந்த ரப்பர் 7 டிகிரி செல்ஷியஸுக்குக் கீழே போனால் விறைக்க ஆரம்பிக்கும். மைனஸில் போனால் கிட்டத்தட்ட பிளாஸ்டிக். கடுங்குளிரில் ஓட்டினால் விரிசல் விடலாம் என்று டயர் கம்பெனிக்காரர்களே எச்சரிக்கிறார்கள். குளிர்கால டயரின் ரப்பர் கலவை வேறு. குளிரிலும் குழைவாக இருக்கும். அதன் மேல் பிளேடால் கீறின மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள். ஒவ்வொரு வெட்டும் பனியைக் கவ்வும். இன்றைக்கு நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை இது. ஃபின்லாந்தின் நோக்கியன் கம்பெனி 1934-லேயே பனிக்கென்று தனி டயர் போட்டுவிட்டது.

‘ஆல் ஸீஸன் என்று டயரிலேயே எழுதியிருக்கே’ என்பீர்கள். டயரின் பக்கவாட்டில் ‘எம் ப்ளஸ் எஸ்’ என்று இருக்கும். சேறும் பனியும் என்று அர்த்தம். அந்த எழுத்துக்கு டயரின் மேல் உள்ள பள்ளங்களின் அமைப்பு சரியாக இருந்தால் போதும், பனியில் ஓட்டிப் பார்த்து நிரூபிக்க வேண்டியதில்லை! மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள் என்று ஒரு சின்னம் இருக்கிறது. பனியில் சோதனை செய்து தேறினால்தான் அது கிடைக்கும். பார்க்க வேண்டியது அந்தச் சின்னத்தை. ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து அந்தச் சின்னம் இல்லாத டயரைக் குளிர்கால டயர் என்றே ஏற்பதில்லை.

பின்சக்கரம் பனிக்கு ஆகாது என்றால், ஸ்வீடன்காரன் என்றைக்கோ ஒழிந்திருக்க வேண்டும். வால்வோ 240 என்று ஒரு கார். 1974 முதல் 1993 வரை 28 லட்சம் வண்டி செய்தார்கள். பின்சக்கர வண்டி! அதே நாட்டின் ஸாப் கம்பெனி 1949-லிருந்து முன்சக்கர வண்டி செய்தது. இரண்டு கட்சிக்காரர்களும் அதே பனியில், அதே ரோட்டில் பால் வாங்கப் போய்வந்தார்கள். காரணம், டயரை மாற்றுவது அங்கே தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வது மாதிரி. செய்யலாமா வேண்டாமா என்ற கேள்வியே கிடையாது. டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை ரோட்டில் பனியோ ஐஸோ இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். லைசென்ஸ் வாங்குமுன் வழுக்குகிற தளத்தில் ஓட்டிப் பயிற்சியும் எடுத்தாக வேண்டும்.

பவர் உள்ள வண்டிக்கு உதாரணம் வேண்டுமா? ஸ்வீடனின் பியோர்ன் வால்டகார்ட், அந்த நாட்டின் பனி ராலியை 1968, 1969, 1970 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தார். ஓட்டியது போர்ஷே 911. பின்சக்கரம். அதிலும் எஞ்சினே பின்னால்! எஞ்சினின் எடை பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்ததால் பிடி கிடைத்தது. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் பனியில் நல்ல பேர் வாங்கியதும் இதே தந்திரத்தால்தான். அந்த மனிதர் ராலிக்காரர், நாம் இல்லை என்பது சரி. ஆனால் பின்சக்கரம் பனிக்கே லாயக்கில்லை என்றால் அவராலும் முடிந்திருக்காதே?

பிறகு எப்படி வந்தது இந்தக் கெட்ட பேர்? எழுபதுகளின் அமெரிக்க வண்டிகளிலிருந்து வந்தது. படகு மாதிரி நீளம், முன்னால் இரும்புக் குண்டு எஞ்சின், பின்னால் காற்று. சறுக்கலைத் தடுக்கிற எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. ஏ.பி.எஸ். பிரேக் மெர்ஸிடிஸில் வந்ததே 1978-ல். வால் வீசும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடித்து வண்டியை நேராக்குகிற இ.எஸ்.பி. 1995-ல். அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்து எல்லாக் காரிலும் அது கட்டாயம். தாத்தா காலத்து வண்டி செய்த பாவத்தை இன்றைக்குப் பேரன் தலையில் கட்டுகிறோம்.

விளம்பரக்காரர்கள் இதற்கு மெருகேற்றினார்கள். 1986-ல் ஃபின்லாந்தின் கைபோலாவில், பனிச்சறுக்கு வீரர்கள் தாண்டிக் குதிக்கிற செங்குத்தான மேடையில், கீழேயிருந்து மேலே ஓர் ஆடி க்வாட்ரோ காரை ஏற்றிக் காட்டினார்கள். உலகமே வாய் பிளந்தது. 2005-ல் அதே இடத்தில் மறுபடி ஏற்றினார்கள். அந்தக் காரின் டயரில் விசேஷமாக ஆணி பதித்திருந்தார்கள்! நாலு சக்கரமும் இழுத்ததோடு, ஆணியும் கவ்வியது. விளம்பரத்தைப் பார்த்தவர் மனதில் நின்றது எது? க்வாட்ரோ. ஆணியை யார் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்?

ஷோரூம்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. டயரை விற்றால் அவருக்கு என்ன கிடைக்கப் போகிறது? சில செடான்களில் ஆல் வீல் டிரைவுக்குக் கூடுதலாக 2,000 டாலர் பக்கம் வாங்குகிறார்கள். அந்தப் பணத்துக்குள் பல வண்டிகளுக்கு நாலு குளிர்கால டயரும் அதற்கான ரிம்மும் வாங்கிவிடலாம். தவிர, அந்த மாதங்களில் கோடை டயர் பரணில் தூங்குவதால் அதன் ஆயுளும் கூடும்.

அரசாங்கங்களைத்தான் கேட்க வேண்டும். கனடாவில் கியூபெக் மாகாணம் 2008-ல் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியது. 2019-லிருந்து டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. பக்கத்து ஒன்டாரியோவில்தான் நம்மவர்கள் குவிந்திருக்கிறார்கள். ஸ்கார்பரோ, மார்க்கம் எல்லாம் அங்கேதான். அங்கே கட்டாயம் இல்லை! குளிர்கால டயர் போட்டால் இன்ஷூரன்ஸில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016-லிருந்து விதி இருக்கிறது, அதோடு சரி. ஒரே பனி, ஒரே நெடுஞ்சாலை. மாகாண எல்லையைத் தாண்டினதும் ஐஸ் வழுக்காமல் விட்டுவிடுமா? அமெரிக்காவிலோ, குளிர்காலம் முழுக்க எல்லாக் காரிலும் இந்த டயர் இருக்க வேண்டும் என்று சொல்கிற மாநிலம் ஒன்றுகூட இல்லை. ஸீட் பெல்ட்டைக் கட்டாயமாக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?

இன்னொரு கும்பலையும் விடுவதாக இல்லை. பின்சக்கர ரசிகர் மன்றம்! ‘கையில் வித்தை இருந்தால் எந்த டயரும் போதும்’ என்று மால் பார்க்கிங்கில் வண்டியைச் சுழற்றி வீடியோ எடுக்கிற வீரர்கள். தம்பிகளா, வித்தை ரப்பரை மென்மையாக்காது. கோடை டயரில் நானூறு குதிரையோடு ஜனவரி மாதம் நெடுஞ்சாலையில் ஏறுகிறவனுக்கு ரசிகன் என்று பேர் இல்லை. சேல்ஸ்மேன் சொன்ன பொய்யை நிரூபித்துக் காட்டுகிற சாட்சி அவன்.

ஆக, பவர் உள்ள பின்சக்கர வண்டி வைத்திருப்பவர் என்ன செய்யணும்? நாலு டயரையும் மாற்றணும். ‘தள்ளுவது பின்சக்கரம்தானே’ என்று பின்னால் இரண்டு மட்டும் மாற்றினால் முன்பக்கம் திரும்பாது, சரியாக நிற்காது. அகல டயருக்குப் பதில், வண்டி அனுமதிக்கிற அளவில் கொஞ்சம் ஒடுக்கமான டயர் நல்லது. பனியை அமுக்கிக்கொண்டு கீழே இறங்கும். பள்ளம் தேய்ந்து 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும். ஆஸ்திரியாவில் அது சட்டம். கிளம்பும்போது இரண்டாவது கியர், அல்லது ‘ஸ்நோ’ என்ற பட்டன். ஆக்ஸிலரேட்டரின் கீழே ஒரு முட்டை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், திருப்பத்தில் அல்ல. கியரைப் படக்கென்று இறக்கினாலும் பின்சக்கரம் வழுக்கும். வால் வீசினால் பதறி பிரேக்கை மிதிக்காமல், காலை மெதுவாகத் தளர்த்தி, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். பாலங்களில் ஜாக்கிரதை. கீழேயும் குளிர்காற்று அடிப்பதால் முதலில் உறைவது அவைதான்.

இது பழைய வண்டிக்காரர்கள் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மின்சாரக் கார் வந்த பிறகு பின்சக்கரம் திரும்பி வந்துவிட்டது. டெஸ்லாவின் ஒற்றை மோட்டார் வண்டிகள் பின்சக்கரம். வால்வோகூடக் கால் நூற்றாண்டு கழித்து, 2023-ல், எக்ஸ்.சி.40 மின்சார வண்டியில் மறுபடி பின்சக்கரத்துக்கே வந்தது. நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரம். மோட்டார் கண் இமைப்பதற்குள் சக்தியைக் கூட்டிக் குறைக்கிறது. ஆனால் அந்த மோட்டாரும் உள்ளங்கை அளவு ரப்பர் வழியாகத்தான் பூமியோடு பேச வேண்டும். காலை எடுத்ததும் தானாக வேகம் குறைக்கிற வசதியும் ஐஸில் பின்சக்கரத்தை வழுக்கவிடலாம்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீடு செங்குத்தான மேட்டில் இருக்கிறது, பனி அள்ளும் லாரி மத்தியானம்தான் வரும், விடிகாலை டியூட்டிக்குப் போகிற நர்ஸ் என்றால் ஆல் வீல் டிரைவே வாங்குங்கள், அதிலும் குளிர்கால டயரோடு. என் சண்டை அந்த இயந்திரத்தோடு இல்லை. அதை வாங்கினால் டயரை மறந்துவிடலாம் என்கிற பேச்சோடுதான். குளிர்கால டயர் போட்ட பின்சக்கர மஸ்டாங் சிக்னலில் நின்றுவிடும். மொண்ணை டயர் போட்ட ஆல் வீல் டிரைவ், சிக்னலைத் தாண்டிப் போய் அந்த மஸ்டாங்கின் முதுகில்தான் நிற்கும்.

உங்களால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பையன் போன் பண்ணுவான். “சாப்பிட்டியா, தலைக்குக் குல்லா போட்டியா, வேலை எப்படிப் போகுது” எல்லாம் கேட்பீர்கள். அக்டோபர் கடைசியிலிருந்து கூடவே இன்னொன்றும் கேளுங்கள்.

“டேய், டயர் மாத்திட்டியா?”

“ஆல் வீல் டிரைவ்பா, தேவையில்லை” என்று சொன்னால் போனை வைத்துவிடாதீர்கள்.